ஜெய்சல்மேரில் ஒரு ராத்திரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

டிசம்பர் இரண்டாவது வாரம் நாங்கள் நாலு பேர் காரில் ராஜஸ்தான் சுற்றப் போகிறோம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர், மறுநாள் பிக்கானேர் என்று போட்டிருக்கிறோம். சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். போய் வந்தவர்கள் எல்லாரும் "மூன்று நாளாவது இரு, இல்லாவிட்டால் போகவே போகாதே" என்கிறார்கள். ஒரு ராத்திரிக்காக இவ்வளவு தூரம் ஓட்டுவது வீணா? இன்னொன்று, கோட்டைக்குள்ளேயே அறை கிடைக்கிறது. எடுக்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

கட்டாயம் போங்கள். நான் முதல் தடவை போனதும் ஒரே ஒரு ராத்திரிக்குத்தான், பிறகு இரண்டு முறை போய் நாலைந்து நாள் தங்கியும் அந்த முதல் ராத்திரியில் பார்த்ததுதான் எனக்கு இன்னும் அந்த ஊர். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஓடாதீர்கள். சம் மணல்மேடு போக 40 கிலோமீட்டர், வர 40, அதை விட்டுவிடுங்கள். பட்வா ஹவேலி என்ற பழைய வணிகர் மாளிகையை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். தண்ணீரை மட்டும் பாருங்கள், அதாவது அது எங்கே இருந்தது, எங்கே இல்லை, இப்போது எங்கே வந்து நிற்கிறது என்று.

அங்கே வருஷத்துக்கு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். சென்னையில் 1,400. இந்த மழையை நம்பித்தான் 1156-இல் ராவல் ஜெய்சல், பழைய தலைநகரான லோதுர்வாவை விட்டு வந்து திரிகூட மலைமேல் கோட்டை கட்டினார். வணிகப் பாதையில் ஒட்டகங்களுக்கும் ஆட்களுக்கும் ஒரு நிறுத்தம், அதில் வந்த பணம், அதிலிருந்து ஹவேலிகள், இதெல்லாம் எந்த வழிகாட்டியும் சொல்வார். அந்த மக்கள் தண்ணீரை மூன்று வகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. மழையாக விழுவது பாலர் பானி. ஆழத்துக் கிணற்றில் கிடைப்பது பாதாள் பானி, பெரும்பாலும் உப்பு. இரண்டுக்கும் நடுவே, மணலுக்கு அடியில் இருக்கும் ஜிப்சம் படுகை தடுத்து நிறுத்துவதால் கீழே இறங்காமல் மணலிலேயே தங்கிவிடுகிற ஈரம், அது ரேஜானி பானி. கண்ணுக்கே தெரியாத அந்த ஈரத்துக்கு ஒரு பெயர் வைத்து, அதைச் சொட்டுச் சொட்டாக ஊறவைத்து எடுக்க ஒடுக்கமான கிணறு வெட்டத் தெரிந்திருக்கிறது பாருங்கள், எனக்கு அதை நினைத்தாலே மரியாதை வருகிறது.

அதனால் போனவுடன் பையை அறையில் போட்டுவிட்டு நேராக கடிசர் ஏரிக்குப் போங்கள். டிசம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் விழுந்துவிடும். பதினாலாம் நூற்றாண்டில் கட்ஸி சிங் என்ற அரசர் காலத்தில் எடுத்துக்கட்டிய ஏரி அது, ஒரு காலத்தில் ஊருக்கே குடிதண்ணீர் அதுதான், கோட்டைக்குத் தலைச்சுமையாகக் குடத்தில் போயிருக்கிறது. வாசலில் ஒரு தோரணக் கட்டடம் இருக்கும். தீலோன் என்ற கணிகை கட்டியது என்றும், அரசர் இடிக்கச் சொல்லிவிடக் கூடாதே என்று அதன்மேல் கிருஷ்ணன் கோயில் வைத்தாள் என்றும் கதை. ஏரிக்கு நீர் வரும் சுற்றுநிலத்தை அந்தப் பக்கத்தில் ஆகோர் என்பார்கள், அதில் செருப்புப் போட்டு நடப்பதே தப்பு என்ற காலம் இருந்தது. இப்போது ஏரி நிறைந்தே இருக்கிறது, இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் வந்துவிட்டது, பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர் ஓடி வரும் கால்வாய்.

இனி அறை விஷயம். கோட்டைக்குள் எடுக்காதீர்கள். முதல் தடவை நான் எடுத்தேன். காலையில் மாடியிலிருந்து இறங்கி வரும்போது என் அறையின் குளியலறைக்கு நேர் கீழே சுவர் மட்டும் கருத்துப் போயிருந்தது, கையை வைத்தேன், வெல்லத்தைத் தொட்ட மாதிரி கல் பிசுபிசுத்து விரலில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. ராத்திரி நான் குளித்த தண்ணீரும் அதில் இருந்திருக்கும். அந்தக் கோட்டையின் கீழே இருப்பது கெட்டியான பாறை இல்லை, களிமண்ணும் பலவீனமான பாறை அடுக்குகளும்தான். குடத்துத் தண்ணீரை அளந்து அளந்து செலவழித்த காலம் முழுக்க அது காய்ந்தே இருந்தது, அதனால் நின்றது. குழாய் வந்தது, பிறகு விடுதிகள் வந்தன, கழிவுநீர் கீழே இறங்கிக் களிமண் ஊறி, மேலே இருக்கும் சுவர் நழுவ ஆரம்பித்தது. 1996-இலேயே வேர்ல்ட் மான்யுமென்ட்ஸ் ஃபண்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு இதை ஆபத்தில் இருக்கும் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் ராஜஸ்தானின் இன்னும் ஐந்து மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோ பட்டியலிலும் வந்தது. அப்புறமும் 2024 ஆகஸ்ட் மழையில் வெளிச்சுவரில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. உள்ளே தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்கள் குளிக்காமல் இருக்க முடியாது. ஒரு ராத்திரிக்கு வரும் நாம் வெளியே தங்கலாமே. கோட்டை அழகாகத் தெரிவதும் வெளியிலிருந்துதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கோட்டை வாசலில் இருங்கள். நாட்டின் மேற்குக் கோடி என்பதால் அந்த மாதத்தில் ஏழேகால் தாண்டித்தான் சூரியன் வரும். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நாலு வாசல் (போல் என்றால் அங்கே வாசல்), கடைசி வாசலில் பெயருக்கேற்ற காற்று வரும், கொஞ்சம் உட்காருங்கள். மதில்மேல் உருண்டைக் கற்கள் வரிசையாக இருக்கும், எதிரி ஏறினால் உருட்டிவிட வைத்தவை. பிறகு சமணக் கோயில்கள். அங்கே ஜினபத்ர சூரி ஞான பண்டார் என்ற சுவடி நூலகத்தில் பதினோராம் நூற்றாண்டுப் பனையோலைச் சுவடிகூட இருக்கிறது. திறந்திருந்தால் பத்து நிமிஷமாவது நில்லுங்கள், ஏனென்றால் நாமும் ஓலையில் எழுதியவர்கள்தான். நம்மிடம் அத்தனை பழைய ஓலை ஒன்றுகூட மிஞ்சவில்லை, நம் ஈரமும் கரையானும் தின்றுவிட்டன, நூறு இருநூறு வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது உட்கார்ந்து படியெடுத்ததால்தான் சங்கப் பாட்டே நம் கைக்கு வந்தது. இங்கே அந்த வறண்ட காற்றே ஓலையைக் காப்பாற்றியிருக்கிறது. நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிமுன் நின்று கொஞ்சம் அழுதேன்.

பத்து மணி என்பதைப் பதினொன்றரை ஆக்க முடிந்தால், பிக்கானேர் சாலையைப் பிடிப்பதற்கு முன் எதிர்த்திசையில் 18 கிலோமீட்டரில் குல்தாரா. பாலிவால் பிராமணர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப்போன ஊர். பேய்க்கதை சொல்லுவார்கள், கேட்காமல் அந்தப் பக்கம் கடீன் என்ற வயல் எங்கே இருக்கிறது என்று உள்ளூர்க்காரர் யாரையாவது விசாரியுங்கள். கல்மேட்டிலிருந்து ஓடி வரும் மழைநீரை நீளமாக ஒரு மண்கரை போட்டுத் தடுத்து, அது மண்ணுக்குள் இறங்கியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள், அப்புறம் பாய்ச்சல் எதுவும் கிடையாது. இந்த வருஷம் ஜூலையில் நல்ல மழை பெய்திருந்தால் நீங்கள் போகும்போது கரைக்கு உள்பக்கம் மட்டும் கணுக்கால் உயரத்துக்குப் பச்சை நிற்கும். இறங்கி மண்ணை ஒரு விரல் ஆழம் தோண்டிப் பாருங்கள், குளிர்ச்சியாக இருக்கும்.