காரையே கொலைக் கருவியாக்கியவன்: பேசப்படாத த்ரில்லர் எது?

கொலையாளி தன் காரையே ஆயுதமாகப் பயன்படுத்தும், உரிய கவனம் பெறாத த்ரில்லர் எது என்று கேட்டால், குவென்டின் டரன்டினோ இயக்கிய 'டெத் ப்ரூஃப்' (2007) என்பேன். அமெரிக்காவில் ராபர்ட் ரோட்ரிகஸின் 'பிளானட் டெரர்' படத்தோடு இணைத்து வெளியிடப்பட்டு வசூலில் தோற்றதால், டரன்டினோ படங்களில் பலவீனமானதாகவே இது இன்றும் பேசப்படுகிறது. அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை.

கர்ட் ரஸ்ஸல் நடித்த ஸ்டன்ட்மேன் மைக்கின் கார், எவ்வளவு பலமாக மோதினாலும் உள்ளிருப்பவர் சாகாதபடி சினிமா சாகசக் காட்சிகளுக்கென வலுவூட்டப்பட்டது. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஓட்டுநர் இருக்கைக்கு மட்டுமே உரியது என்பது, பக்கத்தில் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து சிரித்துப் பேசிவந்த பெண்ணுக்கும் நமக்கும் மிகத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. அவன் பிரேக்கை மிதிக்கும் அந்த ஒரு கணம் போதும்.

இறுதித் துரத்தலில் ஓடும் காரின் பானட்டில் கிடப்பவர் ஸோயி பெல். தொழில்முறை ஸ்டன்ட் கலைஞரான அவர் தம் பெயரிலேயே நடித்திருக்கிறார். முதல் பாதியின் நீண்ட அரட்டை சிலருக்குச் சலிப்பூட்டலாம். எனக்கோ, புதுச்சேரியிலிருந்து கடலூர் திரும்பும் இரவுகளில், கிருமாம்பாக்கத்தைத் தாண்டியதும் ஏதேனும் ஒரு கார் பின்னால் ஒட்டி வந்தால், கை தானாகவே இன்டிகேட்டரைத் தேடி வழிவிட்டுவிடுகிறது.