மேட்ச் பாயிண்டில் ‘ஃப்ரீஸ்’ வேண்டுமா? கடற்கரைக் கைப்பந்து விதி மாற்றங்கள் பற்றி ஒரு பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையில் ஆண்டுதோறும் இருவர் அணிக் கைப்பந்துப் போட்டி நடத்துகிறோம். இந்த முறை 16 ஆண்கள் அணிகள், இரண்டு ஆடுகளங்கள், இரண்டு நாட்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளைப் பார்க்கும் இளைஞர்கள், மேட்ச் பாயிண்ட் (இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் நிலை) வந்ததும் சர்வீஸ் போடும் அணிக்கு மட்டுமே புள்ளி தரும் ‘ஃப்ரீஸ்’ விதி வேண்டும் என்கிறார்கள். மூத்த வீரர்கள் பழைய 9 மீட்டர் ஆடுகளத்தைக் கேட்கிறார்கள். நெட்டில் உரசி விழும் சர்வீஸைத் திரும்பப் போட வேண்டும் என்பது மற்றொரு கோரிக்கை. இவற்றில் எதை ஏற்பது?

பதில்: ஃப்ரீஸ் விதியை அரையிறுதி முதல் மட்டும் ஏற்கலாம். ஆடுகளம் 8 மீட்டராகவே இருக்கட்டும். உரசிய சர்வீஸைத் திரும்பப் போட வேண்டியதில்லை. இந்த முடிவுகளை அணிகளிடம் சொல்லும்போது காரணமும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இன்றைய விதிகளின் அடிப்படை 2001இல் அமைந்தது. அதற்கு முன்பு, சர்வீஸ் நம்மிடம் இருந்தால்தான் புள்ளி. எதிரணியின் சர்வீஸை எடுத்து ஆடி வென்றால் சர்வீஸ் மட்டுமே கைக்கு வரும். 2000 சிட்னி ஒலிம்பிக்கில், போண்டை கடற்கரையில் நடந்த ஆட்டங்கள் இந்த முறையில்தான் ஆடப்பட்டன. அங்கே ஆண்கள் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் டேன் பிளாண்டனும் எரிக் ஃபோனோய்மோவானாவும் பிரேசிலின் சே மார்கோ, ரிக்கார்டோ இணையை 12-11, 12-9 என்று வென்றார்கள். இன்றைய இளைஞருக்கு 12-11 என்பது பாதியில் நின்ற ஆட்டத்தின் ஸ்கோர் போலத் தோன்றும். ஆனால் அந்த ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் சர்வீஸ் கைமாறியதோடு முடிந்த ராலிகள் (சர்வீஸில் தொடங்கிப் பந்து விழும்வரையான ஆட்டம்) பல இருந்தன. மறு ஆண்டில் சர்வதேசக் கூட்டமைப்பு ஒவ்வொரு ராலிக்கும் ஒரு புள்ளி என்ற முறைக்கு மாறியது; முதல் இரு செட்டுகள் 21 புள்ளிகளுக்கும் மூன்றாவது 15 புள்ளிகளுக்கும் ஆயின; ஒரு அணியின் பக்கம் 9க்கு 9 மீட்டரிலிருந்து 8க்கு 8 மீட்டராகச் சுருங்கியது. புள்ளி முறையும் ஆடுகளமும் ஒரே வேளையில் மாறியதால், இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்விரண்டையும் கலந்தே விவாதிக்கிறார்கள். உங்கள் ஊரிலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்.

முதலில் புள்ளி முறை. கைப்பந்தில் சர்வீஸ் போடுபவருக்கு டென்னிஸில் இருப்பது போன்ற சாதகம் இல்லை. பந்தை எடுக்கும் அணிதான் முதலில் தாக்குகிறது என்பதால், தேர்ந்த ஆண்கள் அணிகளிடையே ஏறத்தாழ மூன்றில் இரண்டு ராலிகளைப் பந்தை எடுக்கும் அணியே வெல்கிறது. பழைய முறையில் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனதற்கும், எப்போது முடியும் என்று தொலைக்காட்சிக்காரர்களால் சொல்ல முடியாமல் போனதற்கும் இதுவே காரணம். ராலி முறை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. ஆனால் அதோடு ஓர் இழப்பும் வந்தது: எதிராளி சர்வீஸை வெளியே அடித்தாலே வெற்றி நம் மடியில் விழுந்துவிடும். பழைய முறையில் கடைசிப் புள்ளியை நம் சர்வீஸில் ஆடித்தான் பெற வேண்டும். அமெரிக்காவின் ஏ.வி.பி. தொடர் இந்த இழப்பை ஈடுகட்டவே, ஆட்டம் முழுவதும் ராலி முறையை வைத்துக்கொண்டு, மேட்ச் பாயிண்டிலிருந்து மட்டும் பழைய முறைக்குத் திரும்பும் ஃப்ரீஸ் விதியைக் கொண்டுவந்தது. சர்வதேசப் போட்டிகளில் இவ்விதி இல்லை.

ஃப்ரீஸ் வந்தால் பின்தங்கிய அணிக்கு எப்போதும் நன்மை என்று இளைஞர்கள் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். சம பலமுள்ள இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம்; பந்தை எடுக்கும் அணி மூன்றில் இரண்டு ராலிகளை வெல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20ஆவது புள்ளியை இப்போதுதான் எடுத்த அணி சர்வீஸ் போடப்போகிறது. ஸ்கோர் 20-15 எனில், பின்தங்கிய அணி 20-20க்கு வருவதற்கான வாய்ப்பு ராலி முறையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஃப்ரீஸில் அது 5 விழுக்காடு. 20-17 எனில் 7 விழுக்காடு 14 ஆகிறது. 20-18இல் முறையே 22, 24. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். 20-19இல் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: ராலி முறையில் 67 விழுக்காடாக இருக்கும் சமன் வாய்ப்பு ஃப்ரீஸில் 40 ஆகக் குறைகிறது. ராலி முறையில் பந்தை எடுத்து ஒரு முறை வென்றாலே சமன். ஃப்ரீஸில் முதலில் சர்வீஸைப் பறித்து, பிறகு தன் சர்வீஸிலும் வெல்ல வேண்டும் என்பதே இதற்குக் காரணம். ஆகவே இவ்விதி, முடிந்துபோனதாகத் தோன்றும் ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கிறது. ஒரு புள்ளி இடைவெளியில் நெருக்கமாக ஓடும் ஆட்டத்திலோ முன்னணியில் இருப்பவரைக் காக்கிறது. இரண்டும் தெரிந்தபின் அணிகள் ஒப்புக்கொண்டால் அதில் அநீதி ஏதும் இல்லை.

கடற்கரையில் இன்னொரு விளைவும் உண்டு. அதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. முதல் இரு செட்டுகளில் இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டி 7 வரும் போதெல்லாம் பக்கம் மாறுகிறோம். மூன்றாவது செட்டில் 5. காற்றும் வெயிலும் இருவருக்கும் பொதுவாக அமையவே இந்த ஏற்பாடு. காற்றை எதிர்நோக்கி நிற்கும் பக்கம்தான் நல்ல பக்கம் என்பது மணலில் ஆடியவர் அறிந்தது. அங்கிருந்து அடிக்கும் பந்து எல்லைக்குள் இறங்கும், மறுபக்கத்திலிருந்து அடிப்பதைக் காற்று வெளியே தள்ளும். ஃப்ரீஸில் புள்ளி நகராமலே ராலிகள் ஓடும். மேலே சொன்ன கணக்குப்படி ஒரு புள்ளிக்குச் சராசரியாக மூன்று ராலிகள். 20-17இல், அதாவது கூட்டுப்புள்ளி 37இல், ஃப்ரீஸ் தொடங்கினால் அடுத்த பக்கமாற்றம் 42இல்தான். அதுவரை ஒரு அணி மோசமான பக்கத்திலேயே நின்று பதினைந்து ராலிகள்கூட ஆட நேரலாம். பிற்பகலில் கடல்காற்று பலமாக வீசும் இடமென்றால், ஃப்ரீஸ் தொடங்கியபின் புள்ளி எதுவாயினும் ஏழு ராலிகளுக்கு ஒரு முறை பக்கம் மாறலாம் என்று உங்கள் அளவில் ஒரு திருத்தம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொழில்முறைத் தொடரின் விதியாகவும் இதைச் சொல்லவில்லை. என் சொந்தப் பரிந்துரைதான்.

நேரத்தையும் பாருங்கள். நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகள் எனில் லீக் ஆட்டங்கள் 24; கால் இறுதி, அரையிறுதி, மூன்றாம் இடம், இறுதி ஆகியவற்றைச் சேர்த்து மொத்தம் 32. இரண்டு ஆடுகளங்களில் நாளொன்றுக்குத் தலா எட்டு ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு 50 நிமிடம் வைத்தாலே ஏறத்தாழ ஆறே முக்கால் மணி நேரம் ஆகும். உச்சிவெயிலில் இடைவேளை விட்டால் பொழுது சாய்வதற்குள் முடிப்பதே சிரமம். லீக் ஆட்டங்களில் ஃப்ரீஸ் வைத்தால், ஒரே ஒரு ஆட்டம் இழுத்தாலும் அந்த நாள் முழுவதும் சரிந்துவிடும். அதனால்தான் கடைசி நான்கு ஆட்டங்களோடு நிறுத்தச் சொல்கிறேன். பார்வையாளர்கள் கூடுவதும் அப்போதுதான்.

இனி ஆடுகளம். மூத்த வீரர்களின் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. மனத்தளவில் நானும் அவர்கள் பக்கமே. 81 சதுர மீட்டரை இருவர் காத்த காலத்தில், உயரத்தைவிடக் கால்வேகமும், பந்து எங்கே விழும் என்று முன்கூட்டி உணரும் அறிவும் பெரிதாக மதிக்கப்பட்டன. 64 சதுர மீட்டராகச் சுருங்கியதும் நெட்டருகே நின்று எதிரணியின் அடியைத் தடுக்கும் உயரமான பிளாக்கரின் கை ஓங்கியது. ஆனால் சிறிய ஆடுகளம் ஆட்டத்தை உயரமானவர்களிடம் அடகு வைத்துவிட்டது என்ற வாதத்தை இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனின் டேவிட் ஆமன், யோனதான் ஹெல்விக் இணை ஜெர்மனியை 21-10, 21-13 என்று வென்றதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது தொடுதலில் எகிறி, அங்கிருந்தே அடிப்பதா துணைவருக்குத் தூக்கிக் கொடுப்பதா என்பதை அந்தரத்தில் முடிவுசெய்வது அவர்கள் பாணி. எந்தப் பக்கம் கை உயர்த்துவது என்று தெரியாமல் பிளாக்கர் திணறிப்போகிறார். ஆடுகளத்தின் அளவைத் தொடாமல், விதியில் ஒரு சொல்லையும் மாற்றாமல், வீரர்களே கண்டுபிடித்த விடை அது.

நடைமுறையில் வேறொன்றும் உண்டு. ஞாயிறு அன்று மட்டும் மணலில் இறங்கும் அணிகளுக்கு 9 மீட்டர் ஆடுகளம் மிகப் பெரியது; சர்வீஸை எடுக்கவே முடியாமல் ராலிகள் இரண்டு தொடுதலில் முடிந்துபோகும். உங்கள் இளைஞர்களில் யாரேனும் மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போகிறவர் என்றால் அங்கே ஆடப்போவதும் 8 மீட்டரில்தான். நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கென முதல் நாள் மாலை ஒரு காட்சி ஆட்டத்தைப் பழைய அளவிலும் பழைய புள்ளி முறையிலும் நடத்துங்கள். நாடாவைப் பிடுங்கி மீண்டும் ஊன்றக் கால் மணி நேரம் போதும். இளைஞர்கள் அதைப் பார்ப்பதும் நல்லது.

உரசும் சர்வீஸ் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை. முன்பு அது தவறாகக் கருதப்பட்டு சர்வீஸே பறிபோனது. பின்னர் ஆட்டம் தொடரலாம் என்றானது. அதைத் திரும்பப் போடச் சொன்னால், பந்து நெட்டைத் தொட்டதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் நடுவரைச் சுற்றி வாக்குவாதம் கிளம்பும். காற்றில் நெட் தானே அசையும் இடத்தில் அதைத் தீர்ப்பது பயிற்சி பெற்ற நடுவருக்கே கடினம்.

உங்கள் போட்டி சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால், ஃப்ரீஸ் வைப்பதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தனிப்பட்ட போட்டியென்றால், குலுக்கல் எடுப்பதற்கு முன் எல்லா அணித் தலைவர்களிடமும் கையெழுத்துப் பெற்றுவிடுங்கள். ஃப்ரீஸ் எப்போது தொடங்கும் என்பதையும் அந்தத் தாளிலேயே குறியுங்கள்: இரண்டாவது செட்டில், முதல் செட்டை வென்ற அணி 20ஐத் தொட்டால் மட்டும், மூன்றாவதில் எந்த அணி 14ஐத் தொட்டாலும். இருபது சமன் ஆனபின் இரண்டு புள்ளி இடைவெளி தேவையா என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஸ்கோர் எழுதுபவருக்கு முந்தின நாளே ஒரு பயிற்சி ஆட்டம் கொடுங்கள். புள்ளி ஏறாமல் சர்வீஸ் மட்டும் கைமாறிக்கொண்டிருக்கும்போது, அணியின் இருவரில் அடுத்து யார் சர்வீஸ் போட வேண்டும் என்பது சீக்கிரம் மறந்துபோகும். புள்ளியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. 1, 2 என்று எழுதிய அட்டைகளை மேசையில் வைத்து, ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் உரிய எண்ணை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.