பட்டன் இருக்கிறது, ஆனால் டயருக்கு வயதாகிவிட்டதே!

கேள்வி: கார் வாங்கி ஏழு ஆண்டு ஆகிறது. ஓடியது 31,000 கிலோமீட்டர்தான். டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) நன்றாகவே இருக்கிறது. அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்கப் போன கடையில், "நாலு டயரையும் உடனே மாத்திடுங்க, நைட்ரஜன் இலவசமா பிடிச்சுத் தர்றோம்" என்கிறார்கள். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கோ இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டு பேருமே டயர் எப்போது தயாரானது என்று சொல்லவில்லை. அதைப் பார்க்காமல் சொல்கிற எந்தப் பதிலும் குத்துமதிப்புதான். நீங்களே பார்த்துவிடலாம்.

டயரின் பக்கச் சுவரில் 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் நீளமான எழுத்தும் எண்ணுமான வரிசை இருக்கும். அதன் கடைசியில், பெரும்பாலும் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள், நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு ஆண்டைக் குறிக்கும். 3718 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 37-வது வாரம், அதாவது செப்டம்பர் மாதம் தயாரான டயர். இந்த நான்கு எண்ணும் வெளியே தெரியாவிட்டால் பதற வேண்டாம். பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் தேதி இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தால், முன் டயருக்கு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டும், பின் டயருக்குக் குனிந்து டார்ச் அடித்தும் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் அவசியம் பார்க்க வேண்டிய தேதியைக் கறுப்பின் மேல் கறுப்பாக, ஒரே பக்கத்தில், பொடி எழுத்தில் அச்சடிப்பார்களாம்; கம்பெனிப் பெயரை மட்டும் இரண்டு பக்கமும் கொட்டை எழுத்தில் போடுவார்களாம்! நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள், ஸ்டெப்னியையும் விடாதீர்கள். நடுவில் எப்போதாவது ஒன்றிரண்டு மாறியிருந்தால் தேதிகள் ஒத்துப்போகாது.

ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட டயர் என்றால் பட்டனையும் காயத்தையும் பார்த்தால் போதும். ஐந்தைத் தாண்டிவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்வது டயர் நிறுவனங்களின் பொதுவான வழக்கம். பத்து ஆண்டு ஆகிவிட்டால் புதிது மாதிரி மின்னினாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. காரோடு வந்த டயரே என்றால் உங்களுடையது இந்த ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

குறைவாக ஓடியதை நீங்கள் ஒரு நல்ல குணமாகச் சொல்கிறீர்கள். அது அப்படி இல்லை. ரப்பர் காய்ந்து வெடிக்காமல் இருக்க அதில் மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு அமுங்கி நிமிரும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து பரவும். நின்றபடியே இருக்கும் காரில் அது சரியாக நடக்காது. வெயிலில் நிற்கிற கார் என்றால் இன்னும் மோசம்.

ஆகவே காரைச் சமதளத்தில் நிறுத்தி, நல்ல வெளிச்சத்தில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ரிம்முக்கு மேலே உள்ள பக்கச் சுவர். இன்னொன்று, பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளத்தின் அடி. மேலோட்டமான மெல்லிய கோடுகள் மட்டும் என்றால் அது முதுமையின் தொடக்கம், உடனடி ஆபத்து இல்லை. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வெடிப்பு இருந்தால், அல்லது பள்ளத்தின் அடியிலேயே வெடிப்பு ஓடினால், நான்கையும் மாற்றுங்கள். அப்போது கடைக்காரர் சொன்னது சரி என்றாகும், அவர் எந்தக் காரணத்துக்காகச் சொல்லியிருந்தாலும். பக்கச் சுவரில் எங்காவது புடைப்பு இருந்தாலோ உள்ளே நூல் (ரப்பருக்குள் இருந்து டயருக்குப் பலம் தரும் இழைகள்) அறுந்துவிட்டது என்று பொருள். அதற்கு வைத்தியம் இல்லை, அந்த டயரில் கார் ஓட்டவே கூடாது.

வெடிப்பு எதுவும் இல்லையென்றால் இன்றே ஓட வேண்டியதில்லை. ஆனாலும் மெக்கானிக் சொன்ன இரண்டு வருடம் அதிகம். டயரைக் கழற்றி உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் நன்றாக இருந்தாலும் ஒரு வருடத்துக்குள் மாற்றுவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை முழுச் சுமையோடு, கொளுத்தும் வெயிலில், நெடுஞ்சாலையில் விரட்டாதீர்கள். பழைய டயர் கழன்று உரிவது பெரும்பாலும் சூடு, வேகம், பாரம், காற்றுக் குறைவு ஆகியவை ஒன்றுசேரும்போதுதான்.

செலவுக்காக இப்போதைக்கு இரண்டு மட்டும் மாற்றினால், புதிய டயர்களைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடையில் முன்னால்தான் போடுவார்கள். "இன்ஜின் முன்னாடி சார், ஸ்டீயரிங் முன்னாடி சார்" என்பார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி கிடைத்துவிடும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும், அதைச் சமாளிக்கப் பழகியவர்கள் மிகக் குறைவு. முன்சக்கர இயக்கமோ பின்சக்கர இயக்கமோ, நல்ல டயர் பின்னால்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பெரிய செலவில் கொண்டுபோய் விடும். உங்கள் கார் எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் வகை என்றால் இரண்டு மட்டும் மாற்றுவது சிக்கல். தேய்ந்த டயரின் சுற்றளவு புதியதைவிடக் குறைவு. அதே தூரத்துக்கு அது கூடுதலாகச் சுற்ற வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் கிளட்ச் அல்லது டிஃபரென்ஷியல் ஓயாமல் சரிக்கட்டும், சூடாகும், கடைசியில் கெடும். எவ்வளவு வித்தியாசம் வரை பரவாயில்லை என்பது காருக்குக் கார் மாறும். கையேட்டில் பாருங்கள், அதில் இல்லையென்றால் கம்பெனி சர்வீஸில் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள். லீவர் போட்டால் மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பாணி ஜீப் வகைக்கு, லீவர் போடாத வரை இந்தக் கவலை இல்லை. சாதாரண முன்சக்கர இயக்கக் காருக்கும் இல்லை. ஒரே அச்சில் இடதும் வலதும் மட்டும் ஒரே பிராண்ட், ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

இனி வாங்கும் இடத்தில் நடக்கிற விஷயம். ரிம்மில் மாட்டுவதற்கு முன்பே அந்த நான்கு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிவிட்டால் "திருப்பி எடுக்க மாட்டோம்" என்ற பேச்சு தொடங்கிவிடும். இரண்டு மூன்று வருடம் கிடங்கில் தூங்கிய சரக்கைப் பளபளவென்று துடைத்து, "பெரிய தள்ளுபடி" என்று நீட்டுவார்கள். நன்றாகப் பாதுகாத்த டயர் கெட்டுப்போகாது என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் புதுசுக்கான விலையைக் கொடுத்துவிட்டு அந்த வாதத்தை நாம் ஏன் கேட்க வேண்டும்? ஆறு மாதத்துக்கு உட்பட்டதைக் கேளுங்கள், ஒரு வருடம் வரை ஒத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அளவையும் மாற்றாதீர்கள். 185/65 ஆர்15 88ஹெச் என்று இருந்தால், கடைசியில் வரும் 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு, ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஆனது. அளவு ஒன்றாக இருந்தும் சுமைக் குறியீடு குறைந்த டயரைத் தலையில் கட்டுவதுண்டு. குறியீடு கூடலாம், குறையக் கூடாது.

கழற்றிய டயர்களை "நாங்களே எடுத்துக்கறோம்" என்றால் சரி, ஆனால் உங்கள் கண் முன்னால் பக்கச் சுவரில் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் தோண்டி, கறுப்புப் பூசி, செகண்ட் ஹேண்ட் என்று விற்கிற ஆட்கள் கைக்கு அது போகும். கார் டயரில் இப்படித் தோண்டினால் நூலுக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிற மிச்ச ரப்பரும் போய்விடும். அதை வாங்கி மாட்டுகிறவர் விலை குறைந்ததென்று சந்தோஷப்படுவார்! இதைத் தடுக்க வேண்டியவர்கள் எந்த ஊரில் தூங்குகிறார்களோ.

நைட்ரஜனைப் பற்றி: நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். நைட்ரஜனில் ஈரம் இல்லை, கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான். இலவசமென்றால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றுக் குறைந்த டயரோடு நைட்ரஜன் கிடைக்கிற இடத்தைத் தேடி அலையாதீர்கள். சாதாரணக் காற்றைக் கலந்தால் ஒன்றும் ஆகாது, "கலக்கக் கூடாது" என்பது விற்பனைப் பேச்சு.

எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) பிடிக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். டயரின் மேல் அச்சாகியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், அதைப் பிடிக்கக் கூடாது. எந்தக் கார் வந்தாலும் 35 என்று அடித்து அனுப்புகிற பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். கார் நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும்போது, சொந்தமாக ஒரு கேஜ் (காற்றழுத்தமானி) வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். ஓடி வந்த சூட்டில் நான்கைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறிய பிறகு குறைந்து நிற்கும்.

நீங்கள் அலைன்மென்ட்டுக்குப் போனதற்கு என்ன காரணம் என்று எழுதவில்லை. கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, டயர் உள்விளிம்பிலோ வெளிவிளிம்பிலோ மட்டும் தேய்ந்தாலோ அலைன்மென்ட் தேவை. எண்பது, நூறு வேகத்தில் ஸ்டீயரிங் உதறினால் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது). இரண்டு விளிம்பும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இவற்றுக்கு மெஷினே வேண்டாம். டை ராட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனை ஆடிக்கொண்டிருக்கும் காரில் அலைன்மென்ட் செய்வது வீண். ஆடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். முன், பின் அளவுகள் இரண்டும் உள்ள அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். "பிரிண்டர் ரிப்பேர்" என்றால் வேறு கடை பாருங்கள்.

டயர் மாற்றும்போது ரப்பர் வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். நட்டுகளை நட்சத்திர வரிசையில் (பக்கத்து நட்டைவிட்டு எதிர்ப்பக்க நட்டாக மாற்றி மாற்றி), சின்னக் கார்களுக்குப் பொதுவாக 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்க வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஏர் கன்னால் இறுக்கித் தள்ளிவிட்டால் நடுவழியில் பஞ்சராகும்போது உங்கள் ஸ்பேனருக்கு அசையாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்டெப்னிக்கும் மற்ற நான்கின் வயதே இருந்தால், அது பஞ்சர் கடை வரை போக மட்டும். புதிய இரண்டு டயர் வாங்கிக்கொண்டு ஸ்டெப்னியை மூன்றாவதாகச் சேர்த்துப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுடையது ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ பிடிக்க வேண்டும், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. டிக்கியிலிருந்து எடுத்து அதன் காற்றை இந்த வாரமே பாருங்கள்.