மாங்கன்றின் அடியில் குவித்த மல்லாட்டைத் தோலை உடனே விலக்குங்கள்

வணக்கம். அணைக்கட்டுப் பக்கம் மூன்று வயது மாங்கன்றுகளுக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) தோலை ஒரு அடி உயரம் தண்டோடு ஒட்டிக் குவித்திருப்பதாகவும், பட்டை கறுத்துப் பிசின் வடிவதாகவும் எழுதியிருந்தீர்கள். மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்காக மல்லாட்டைத் தோல் நல்லதுதான். இடம்தான் தப்பு. வேருக்கு ஈரம் வேண்டும், தண்டுப் பட்டைக்கு அது ஆகாது. எந்நேரமும் நனைந்து கிடந்தால் பட்டை அழுகும், பூஞ்சணம் ஏறும். கரையானும் அந்த மறைவிலேயே மேலே போகும்.

இன்றே தோலைக் கையால் விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம், பட்டை சீவிவிடும். வேர் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கறுத்த பட்டையை மட்டும் கத்தியால் சுரண்டி, இரண்டு நாள் காயவிட்டுப் பூஞ்சணத்தைத் தடுக்கும் போர்டோ பசை பூசுங்கள். அதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரண்டையும் தனித்தனியே அரை லிட்டரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. தேய்த்த இரும்புக் கத்தியை முக்கினால் செம்புநிறம் படிகிறதா? இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே பூசி முடித்துவிட வேண்டும்.

பட்டை தண்டைச் சுற்றி முழு வளையமாக அழுகியிருந்தால் அந்தக் கன்று பிழைப்பது கடினம். சுற்றளவில் பாதிக்கும் குறைவாக என்றால் தேறும்.

பிறகு மூடாக்கு: முதலில் நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள். காய்ந்த மண்மேல் போட்டால் கோடை மழைத்தூறல் உள்ளே இறங்காது. தண்டிலிருந்து அரை அடி விட்டு, இலை நிழல் விழும் ஓரம்வரை 3 அங்குலக் கனம் போதும். மல்லாட்டைத் தோலோடு காய்ந்த மாவிலையும் கலந்து போடலாம். மண்ணோடு கொத்திவிடாதீர்கள், மட்கும்போது தழைச்சத்தை இழுத்து இலை மஞ்சளாகும்.