செயின் வாட்ச்சுக்கு எந்த எண்ணெய் விடலாம்?

கோத்தகிரி பக்கம் சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மகன் வாங்கிக் கொடுத்த ஸ்டீல் செயின் வாட்ச். தோட்டத்துக்குப் போகும்போதும் கழற்றுவதில்லை. இப்போது கையை அசைத்தாலே கிறீச் கிறீச்சென்று சத்தம். ஸ்வெட்டர் கையில் கறுப்பாக அழுக்கு ஒட்டுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன். அன்றைக்குச் சரியாக இருந்தது, மறுநாள் காலையில் செயின் விறைத்துவிட்டது. வேறு எந்த எண்ணெய் விடலாம்? செயினைக் கொதிக்க வைத்தால் அழுக்கு போகுமா?"

எண்ணெய் இப்போதைக்கு வேண்டாம், கொதிக்க வைக்கவும் வேண்டாம். உங்கள் செயினுக்கு முதலில் ஒரு நல்ல குளியல் வேண்டும். அதைவிட முக்கியம், குளித்த பிறகு அது முழுசாகக் காய வேண்டும். மலையில் இருப்பவர்கள் கழுவுவதை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். காய வைப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய் ஏன் விறைத்தது என்பது உங்கள் வீட்டுப் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். கோத்தகிரியில் வருஷத்தின் பெரும்பாலான காலை நேரங்களில் குளிர் அதற்கும் கீழேதான். பகலில் கைச்சூட்டில் இளகிக் கண்ணிகளுக்குள் இறங்குகிறது. ராத்திரி மேசையில் கழற்றி வைத்ததும் உள்ளே இருக்கும் தூசியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறுகிவிடுகிறது. பித்தளை மேல் முலாம் பூசிய பழைய வாட்ச் என்றால் இன்னொரு கேடும் உண்டு. முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளையோடு சேர்ந்து பச்சையாகக் களிம்பு ஏறும்.

அந்தக் கறுப்பு அழுக்கு என்ன என்று தெரிந்தால் மற்றது எளிது. உதிர்ந்த தோல், வியர்வை உப்பு, தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை, சோப்பு மிச்சம், அதோடு கண்ணிகள் ஒன்றோடொன்று உரசி உதிர்ந்த மிக நுண்ணிய உலோகத் துகள். மலையில் இதோடு ஸ்வெட்டர் இழையும் சேர்கிறது. கண்ணிகளைக் கோர்க்கும் சின்னக் கம்பிக்கு 'பின்' என்று பெயர். அது இருக்கும் இடுக்கில் கம்பளி நூல் சுற்றிக்கொண்டால் வெறும் தண்ணீருக்கு வராது. தேயிலைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று பொட்டாஷ் உரம். சிவப்பாகவும் வெள்ளையாகவும் மூட்டையில் வருகிற அந்த உரம் பொட்டாசியம் குளோரைடு. மற்றது, கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்து. இரண்டுமே செயின் இடுக்கில் தங்கக்கூடாத சரக்கு. உரம் போடுகிற நாளிலும் மருந்து அடிக்கிற நாளிலும் வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்த ஒரு பழக்கம் செயினின் ஆயுளைக் கூட்டும்.

"ஸ்டீல்தானே, துருவா பிடிக்கும்?" என்று கேட்பார்கள். நல்ல வாட்ச் செயின்களில் பெரும்பாலும் இருப்பது 316எல் என்ற ரகம். அதில் இருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாக மேலே படிகிறது. அந்தத் தோல்தான் துருவைத் தடுக்கிறது. கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் கண்ணிகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் தேங்கி நின்றால் அங்கே ஆக்சிஜன் போகாது, உப்பிலுள்ள குளோரைடு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். தோல் உடைந்து, ஊசி குத்தினாற்போல் உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கும். வெளியே பளபளப்பு அப்படியே இருக்கும். கழுவும்போது கறுப்பாக வந்தால் கவலையில்லை. செம்பழுப்பாக வந்தால் பின்களில் துரு ஏறியிருக்கலாம், கடையில் காட்டுங்கள்.

இனி கழுவும் முறை. செயினை வாட்ச்சிலிருந்து கழற்றுவதுதான் நல்லது. இரண்டு முனையிலும் வாட்ச்சோடு சேரும் இடத்தில் ஸ்பிரிங் பார், அதாவது அழுத்தினால் உள்ளே போய் விட்டால் வெளியே வரும் முனைகள் கொண்ட சின்னக் கம்பி, இருக்கும். அதன் தோளை நெம்பி உள்ளே தள்ளும் சின்னக் கருவி வாட்ச் கடைகளில் கிடைக்கிறது. வாட்ச் கேஸின் ஓரங்களில் செல்லோ டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கீறாது. துண்டு விரித்த தட்டின் மேல் வைத்து வேலை செய்யுங்கள். ஸ்பிரிங் பார் எகிறினால் தேடுவது சிரமம். கண்ணிகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. உள்பக்கம் அம்புக்குறி போட்டிருக்கும் கண்ணிகள் அளவு குறைக்கக் கழற்றுவதற்கானவை. கழுவும்போது அவற்றைத் தொடாதீர்கள்.

கழற்ற வரவில்லையா? வாட்ச்சைக் கையில் தூக்கிப் பிடித்து, செயினை மட்டும் கீழே தொங்கவிட்டு, ஈரத் துணியாலும் பிரஷாலும் துடையுங்கள். வாட்ச்சோடு முக்கி எடுக்காதீர்கள். பின்மூடியில் 30 மீட்டர் அல்லது 3 பார் என்று போட்டிருந்தால் அது தண்ணீர்த் துளி தெறிப்பதற்கான தாங்குதல்தான், முங்கிக் குளிப்பதற்கு அல்ல. எத்தனை மீட்டர் போட்டிருந்தாலும் வெந்நீர் ஆகாது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் சூட்டில் கெடும். சூடேறியது பனிக்காற்றில் சட்டென்று குளிர்ந்தால், உள்ளே இருக்கும் ஈரம் கண்ணாடியில் முத்துமுத்தாகப் படியும்.

கழற்றிய செயினுக்கு, கை பொறுக்கும் இளஞ்சூட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. கால் மணியோ இருபது நிமிஷமோ ஊறட்டும். உங்கள் செயினில் உறைந்த தேங்காய் எண்ணெய் இருப்பதால் ஆறின தண்ணீர் வேலைக்கு ஆகாது. ஆற ஆற மாற்றிக்கொள்ளுங்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கோத்தகிரியில் அதைவிடச் சற்றுக் கூடுதல். ஆனாலும் அது அவசியமில்லாத சூடு. பிசுக்கைப் பிரிப்பது அந்தத் திரவம், சூடு அதற்கு ஒத்தாசைதான். முலாம் பூசிய செயினுக்குக் கொதிநீர் கூடவே கூடாது.

ஊறியதும் குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான பிரஷால் தேயுங்கள். செயினைத் தண்ணீருக்குள் வைத்தே இரண்டு பக்கமும் வளைத்து வளைத்துத் தேய்க்க வேண்டும். வளையும்போதுதான் இடுக்கு திறந்து உள்ளே இருப்பது வெளியே வரும். முன்பக்கத்தைவிடத் தோலில் படும் பின்பக்கத்துக்கும், லாக்கின் மடிப்புக்குள்ளும் நேரம் செலவிடுங்கள். நூல் சிக்கியிருந்தால் மரப் பல்குச்சியால் எடுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை மாற்றலாம். பற்பசை, சபீனா, பிளீச்சிங் பவுடர் மூன்றும் வேண்டாம். முதல் இரண்டும் பளபளப்பைக் கீறும். மூன்றாவதில் இருக்கும் குளோரின் ஸ்டீலையே அரிக்கும்.

நீலகிரித் தைலம் பற்றியும் கேட்பார்கள், நம் ஊர்ச் சரக்கு என்பதால். அது பிசுக்கைக் கரைக்கும். உங்கள் செயினில் இறுகிய தேங்காய் எண்ணெயைத் தைலம் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு சோப்புத் தண்ணீரில் போட்டால் வேலை சுலபம். ஆனால் கழற்றிய செயினுக்கு மட்டும்தான். பிளாஸ்டிக் கண்ணாடியிலோ ரப்பர் வாஷரிலோ பட்டால் கெடுத்துவிடும். வழவழப்புக்கு அது உதவாது, ஆவியாகிப் போய்விடும்.

இப்போது காய வைக்கும் கதை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொடியில் போட்ட துணியே காயாது. செயினின் இடுக்கு எப்படித் தானாகக் காயும்? நல்ல தண்ணீரில் அலசி, உதறி, பழைய பருத்தித் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு முக்கு. மொபைல் ரிப்பேர் செய்பவர்களிடம் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தெரியும். அது தண்ணீரோடு கலந்து, ஆவியாகும்போது அதையும் இழுத்துக்கொண்டு போகும். அடுப்பு, கரி நெருப்பு, ரூம் ஹீட்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து மூடிய அறையில் இதைச் செய்யாதீர்கள். ஐ.பி.ஏ. இல்லையென்றால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, செயினை வளைத்துக் காட்டிக் காட்டிக் காய வையுங்கள். கடைசியில் ஒரு டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருகிற சிலிகா ஜெல் பொட்டலங்களோடு ராத்திரி முழுக்க மூடி வைக்கலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அதன் மாவு இடுக்கில் போய் உட்காரும். காலையில் டிஷ்யூ பேப்பரில் செயினைச் சுற்றி அழுத்தி வளைத்துப் பாருங்கள். பேப்பரில் ஈரப்பொட்டு விழுந்தால் இன்னும் காயவில்லை.

பெரும்பாலும் இதோடு சத்தம் நின்றுவிடும். கண்ணிகளின் அசைவு சின்னது, மெதுவானது. அதற்குத் தினமும் எண்ணெய் கேட்காது. எண்ணெய் விட்டால் தூசி வந்து ஒட்டும், ஒட்டிய தூசி சாணைக்கல் மாதிரி பின்னைத் தேய்க்கும். தேயிலைப் பொடி பறக்கிற இடத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கழுவிக் காய்ந்த பிறகும் ஏதோ ஓரிடம் கிறீச்சிட்டால் அப்போது எண்ணெய்க்கு நேரம் வந்துவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோடு உலர்ந்து உரசினால் ஒன்றையொன்று பற்றிப் பிராண்டும் குணம் உண்டு. அதற்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். ஊசி முனையில் தொட்டு, சத்தம் வருகிற கண்ணியின் இடுக்கில் மட்டும் வையுங்கள். பத்து இருபது முறை வளையுங்கள். பிறகு பேப்பரில் கறை விழாதவரை துடைத்து எடுங்கள். உள்ளே ஒரு படலம் நின்றால் போதும். லாக்கின் மடிப்புக் கீலுக்கும், அழுத்துகிற பட்டனின் ஸ்பிரிங்குக்கும் இதே அளவுதான். ஸ்பிரிங் பாரின் இரு முனையிலும் கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவினால் துரு அண்டாது, அடுத்த முறை கழற்றவும் சுலபமாக வரும். டப்பியிலிருந்து பீய்ச்சுகிற ஸ்பிரேக்களை வாட்ச் பக்கமே கொண்டுவராதீர்கள், எங்கே போகிறது என்று பார்க்க முடியாது.

திரும்பப் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு பின்னும் கண்ணியின் ஓரத்தோடு சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சில செயின்களில் தேய்ந்த பின்னை அழுக்குதான் பிடித்து வைத்திருக்கும். அழுக்குப் போனதும் அது நகர்ந்து வெளியே எட்டிப் பார்க்கும். செயினைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் வில் மாதிரி தொங்குகிறது என்றால் உள்ளே தேய்மானம் அதிகம். அதற்கு எண்ணெய் மருந்தல்ல, பின்களை மாற்றச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பார்களில் துரு தெரிந்தாலோ, அழுத்தினால் திரும்ப எழாவிட்டாலோ உடனே மாற்றிவிடுங்கள். அது ஒடிந்தால் வாட்ச் தேயிலைச் செடிக்குள் விழுந்த பிறகுதான் தெரியவரும். வாட்ச்சில் செயின் பொருந்தும் இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போய், அதே அளவில் ஒரு ஜோடிக்கு இரண்டு ஜோடியாக வாங்கி வாருங்கள்.