சுவிட்சர்லாந்து எந்தப் போருக்கும் போகாத நாடு என்கிறார்களே, அவர்களுக்குச் சண்டையே தெரியாதா? இந்த நடுநிலை எப்படி வந்தது?

சண்டையே தெரியாதா என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் அநேகமாக இப்போதுதான் சுவிஸ் சுற்றுலாவை முடித்துக்கொண்டு திரும்பியிருப்பீர்கள். மலை, மாடு, கடிகாரம், சொக்லேட் எல்லாம் பார்த்திருப்பீர்கள். லண்டனில் இருக்கும் என் தம்பியும் அப்படித்தான் பார்த்தான்.

நான் சரித்திரப் பேராசிரியன் அல்லன். பேர்ன் பக்கத்தில் உணவகச் சமையலறைகளில் முப்பது வருடம் வேலை செய்தவன். 'சோறு போட்ட நாட்டுக்குக் கொடி பிடிக்கிறான்' என்று சிலர் வரிந்து கட்டிக்கொண்டு வருவீர்கள். கடைசிவரை வாசித்துவிட்டு வாருங்கள்.

லுசேர்ன் நகரத்துச் சிங்கத்தைப் பார்க்காமல் எங்கள் வீட்டு விருந்தாளி எவரும் ஊர் திரும்பியதில்லை. செங்குத்தான பாறையில் குடைந்த பத்து மீட்டர் நீளச் சிங்கம், கீழே ஒரு குளம். தம்பி குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். அன்று சனிக்கிழமை. என் மகன் இராணுவப் பயிற்சி முகாமிலிருந்து சீருடையோடு நேரே ரயிலில் வந்து சேர்ந்தான். தம்பி அவன் தோளில் தட்டி, "போருக்கே போகாத நாட்டுக்கு எதற்கடா இராணுவம்? சொக்லேட் இராணுவம்!" என்று சிரித்தான்.

மகன் சிரிக்கவில்லை. "சித்தப்பா, சிங்கத்தின் விலாவைப் பாருங்கள்" என்றான்.

அங்கே முறிந்த ஈட்டி ஒன்று குத்தி நிற்கிறது. அது தூங்குகிற சிங்கம் இல்லை, செத்துக்கொண்டிருக்கிற சிங்கம். முன்னங்கால் அணைத்திருக்கும் கேடயத்தில் இருப்பது பிரெஞ்சு அரச குலத்தின் லில்லிப் பூ. 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் பதினாறாம் லூயியின் அரண்மனையைக் காத்து நின்று, நூற்றுக்கணக்கில் வெட்டுப்பட்டுச் செத்த சுவிஸ் கூலிப்படையினருக்கான நினைவுச் சின்னம் அது. பிறத்தியான் ராஜாவுக்காகச் செத்தவர்கள். ராஜா அந்த நேரத்தில் அரண்மனையிலேயே இல்லை. அதற்கு முன்பே வெளியேறி சட்டமன்றத்தில் தஞ்சம் புகுந்துவிட்டார்.

மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் இந்த நாட்டின் முக்கியமான ஏற்றுமதி சீஸ் அல்ல, ஆள். மலையில் விளைச்சல் போதாது, வீட்டில் பிள்ளைகள் அதிகம். நீண்ட ஈட்டியோடு நெருக்கமாக அணிவகுத்து நடக்கும் காலாட்படையென்றால் ஐரோப்பாவே நடுங்கியது. 1476இல் பிரான்சுக்குப் பக்கத்துச் சிற்றரசான பர்கண்டியின் சார்ல்ஸ் பிரபுவை இரண்டு முறை அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வருடம் நான்சியில் அவரைக் கொன்றே விட்டார்கள். எங்கள் இலங்கைக்கும் இந்த வியாபாரம் வந்திருக்கிறது. நூஷத்தெல் ஊரைச் சேர்ந்த டி மியூரோன் பிரபு 1781இல் டச்சுக் கம்பெனிக்காகத் திரட்டிய படைப்பிரிவு கொழும்பில் இருந்தது. 1795இல் அது அப்படியே ஆங்கிலேயர் பக்கம் மாறியது. 1799இல் திப்புவுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் நின்றது. இதைச் சொன்னபோது தம்பி நம்பவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், குடியுரிமைக்கு விண்ணப்பித்த வருடம் மூன்று மாதம் ராப்பகலாகப் படித்தேன். உருளைக்கிழங்கு உரிக்கும் தொட்டிக்கு மேலே 1291, 1315, 1515, 1815, 1848 என்று துண்டுக் காகிதங்களை ஒட்டிவைத்து மனப்பாடம் செய்தேன். நேர்முகத் தேர்வில் ஒன்றையாவது கேட்டார்களா? பழைய காகிதம் எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும், ஊர்ச் சங்கம் எதிலாவது சேர்ந்திருக்கிறாயா என்று கேட்டார்கள். பிறகு, மேல்மாடிக் கிழவி ஒருத்தி நாங்கள் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்ததாக முறையிட்டிருக்கிறாள் என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். அன்று என் சின்ன மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. படுக்கை விரிப்பைத் திங்கட்கிழமைவரை அப்படியே வைத்திருக்கவா முடியும்? இந்த நாட்டில் போர் அறிவித்தாலும் மன்னிப்பார்கள், துவைக்கும் அறையின் முறைப்பட்டியலை மீறினால் மன்னிக்க மாட்டார்கள். சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

1515க்கு வருகிறேன். செப்டம்பர் 13, 14. மிலான் நகருக்குப் பக்கத்தில் மரிஞ்ஞானோ. எதிரே பிரான்சின் முதலாம் பிரான்சுவா, இருபத்தொரு வயது ராஜா. இரண்டு நாள் சண்டையில் பிரெஞ்சுப் பீரங்கிகள் சுவிஸ் ஈட்டிப்படையைச் சிதைத்துவிட்டன. ஆனால் பாதிக் கதை போருக்கு முந்தியே முடிந்திருந்தது. பேர்ன், பிரிபூர்க், சொலொத்தூர்ன் மாநிலப் படைகள் ராஜாவோடு பணத்துக்கு உடன்பட்டு, சண்டைக்கு முன்பே வீட்டைப் பார்த்து நடந்துவிட்டன. என் ஊர்க்காரர்கள்தான், வேறு என்ன சொல்ல! 1516இல் நிரந்தர சமாதானம். வென்ற ராஜா தோற்றவர்களுக்கு 700,000 பொற்காசு கொடுக்க ஒப்புக்கொண்டார். இந்தக் காலாட்படை எதிரியாக இருப்பதைவிடக் கூலிக்கு இருப்பது மலிவு என்று கணக்குப் போட்டிருக்கிறார். 1521இல் ஒப்பந்தமே எழுதி ஆள் எடுக்கத் தொடங்கினார்.

அதனால் 'மரிஞ்ஞானோவில் தோற்றார்கள், ஞானம் பிறந்தது, அன்றிலிருந்து நடுநிலை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பிற்காலத்தார் கட்டிய கதை. 2015இல் ஐந்நூறாவது ஆண்டு வந்தபோது இங்கே அரசியல்வாதிகளும் சரித்திர ஆய்வாளர்களும் இதற்காகவே மல்லுக்கட்டினார்கள். நின்றுபோனது இத்தாலிப் பக்கம் நாடு பிடிக்கும் ஆசைதான், சண்டை இல்லை. 1709இல் மால்பிளாக்கே போரில் இரண்டு பக்கமும் சுவிஸ் படைகள் நின்று ஒருவரையொருவர் கொன்றன.

உண்மையான காரணம் வீட்டுக்குள் இருந்தது. சீர்திருத்தச் சமயம் வந்தபின் மாநிலங்கள் கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்தம் என்று பிரிந்து தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டன. கூலிப்படை வியாபாரத்தைத் திட்டித் தீர்த்த சமய குரு ஸ்விங்லியே 1531இல் காப்பெல் சண்டையில்தான் செத்தார். கல்யாண வீட்டில் சம்பந்திகள் மோதிக்கொள்ளும்போது இரண்டு பக்கமும் கொண்டும் கொடுத்தும் இருப்பவன் என்ன செய்வான்? இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுவான். 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவில் சமயத்தின் பெயரால் மூண்ட முப்பதாண்டுப் போரில் ஒரு மாநிலம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் சுவிஸ் மாநிலங்களின் கூட்டமைப்பு இரண்டாகப் பிளந்திருக்கும். 1674இல் மாநிலங்களின் பொதுச்சபை தன்னை நடுநிலை என்று அறிவித்தது.

அந்த அறிவிப்பு 1798இல் ஒரு சல்லிக்கும் உதவவில்லை. பிரெஞ்சுப் படை நுழைந்து பேர்ன் கருவூலத்தை அள்ளிப் போனது; நகரத்தின் அடையாளமாக வளர்த்த கரடிகளைக்கூடப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் நெப்போலியன் வீழ்ந்தபின், 1815 நவம்பர் 20 அன்று பாரிஸில் வல்லரசுகள் இந்த நாட்டின் நிரந்தர நடுநிலையை ஏற்றுக் கையெழுத்திட்டன. பிரான்சுக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மதில் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இதைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. இரண்டாம் உலகப் போரில் மலைக்குள் கோட்டை கட்டிக்கொண்டு காத்திருந்தது உண்மை. அதே நேரத்தில் ஹிட்லரின் தங்கத்தை வாங்கியதும், எல்லைக்கு வந்த யூத அகதிகளைத் திருப்பி அனுப்பியதும் உண்மை. அகதியாக வந்தவன் நான், அதை எப்படி மறைப்பேன்?

மகன் பதினெட்டு வாரப் பயிற்சியை முடித்துவிட்டுத் துவக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தான். இங்கே அதுதான் முறை. சுடுவதற்கு வேண்டிய பாகம் ஒன்றைக் கழற்றித் தனியே பூட்டிவைக்க வேண்டும். ஊரில் துவக்குக் கண்ட பக்கமெல்லாம் ஓடியவள் என் மனைவி. கூறைச்சேலை வைத்திருந்த அலுமாரியில் அதை வைக்க விடவில்லை. நிலவறைக்குப் போனது. ஒரு வாரம் அவள் உருளைக்கிழங்கு எடுக்கக்கூட அங்கே இறங்கவில்லை.

இப்போது வருடா வருடம் மூன்று வாரப் பயிற்சிக்கு அழைப்பு வரும். இந்த முறை அது தம்பி மகளின் கல்யாண வாரத்தில் வந்து விழுந்திருக்கிறது. அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. என் மகன்தான் மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்க வேண்டும். ஒத்திவைக்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறான். தம்பி ஒன்றுவிட்டு ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிடுகிறான்: "அண்ணா, விட்டுவிடுவார்களா?"

சொக்லேட் இராணுவம்தானே, நீயே கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.