மலை தொடங்கிய இடம்

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டில் அரசாங்கம் குறுக்கே வராமல் ஒதுங்கி நின்றதால்தான் அமெரிக்கா முன்னேறியது. கண்டத்தின் குறுக்கே ரயில் பாதையைத் தனியார் முதலாளிகள் சொந்தக் காசைப் போட்டுக் கட்டினார்கள். நாமும் அந்த வழியில் போகக் கூடாதா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: ரயில் பாதையை நீங்களே உதாரணமாக எடுத்தது நல்லதாகப் போயிற்று. அதையே பேசுவோம்.

கலிபோர்னியாப் பக்கத்திலிருந்து பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் முதலாளிகள் சாக்ரமெண்டோ நகரத்துக் கடைக்காரர்கள் நான்கு பேர். லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு மளிகை மொத்த வியாபாரம். ஹண்டிங்டனும் ஹாப்கின்ஸும் இரும்புச் சாமான் கடைக் கூட்டாளிகள். குரோக்கருக்குத் துணிக்கடை. கடை லாபத்தை வைத்துச் சியரா நெவாடா மலைத்தொடரைக் குடைய முடியுமா? முடியாது. 1862 ஜூலை 1-ஆம் தேதி லிங்கன் கையெழுத்திட்ட பசிபிக் ரயில்வே சட்டம்தான் வழி செய்தது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், இடைப்பட்ட மேட்டு நிலத்தில் 32,000, மலையில் 48,000 என்று அரசுக் கடன் பத்திரங்கள் கிடைத்தன. அதோடு மைலுக்கு 10 சதுர மைல் நிலம் இலவசம். 1864-ல் அதுவும் இரட்டிப்பானது. பூர்வகுடிகள் வாழ்ந்த மண்ணைத்தான் வாஷிங்டன் அரசு இப்படி அள்ளிக் கொடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

கடன்தானே, திருப்பித் தர வேண்டியதுதானே என்பீர்கள். சரி, மலை எங்கே தொடங்கியது என்று பாருங்கள். சாக்ரமெண்டோவிலிருந்து ஏழே மைலில் ஆர்க்கேட் என்றொரு ஓடை. சுற்றிலும் தட்டையான பூமி. உண்மையான ஏற்றம் வர இன்னும் பல மைல் போக வேண்டும். ஆனால் அந்த ஓடைக்கரை மண்ணைக் காட்டி, சியரா மலை அங்கேயே தொடங்குகிறது என்று மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னி சான்று கொடுத்தார். லிங்கனும் ஏற்றுக்கொண்டார். 16,000 டாலர் சமவெளி 48,000 டாலர் மலையாகிவிட்டது. இதற்கு மோசடி என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. அந்த நேரத்தில் கலிபோர்னியாவின் கவர்னர் யார்? அதே ஸ்டான்ஃபோர்ட். கம்பெனித் தலைவரும் அவர்தான். அரசாங்கம் ஒதுங்கி நின்றது என்கிறீர்களே, முதலாளியின் நாற்காலியிலேயே அல்லவா அது உட்கார்ந்திருந்தது!

கிழக்கிலிருந்து பாதை போட்டு வந்த யூனியன் பசிபிக் கம்பெனியின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. அதன் காண்ட்ராக்ட் வேலையைச் செய்த கிரெடிட் மொபிலியர் கம்பெனியின் பங்குகள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுக்கு மலிவு விலையில் போனது 1872-ல் வெளியே வந்து நாறியது.

பணம் அப்படி. உழைப்பு யாருடையது? சென்ட்ரல் பசிபிக்கின் மலைப் பாதை வேலையில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் சீனர்கள். 1862-ல் கவர்னராகப் பதவியேற்றபோது சீனர்களைத் தாழ்ந்த இனம் என்று பேசிய ஸ்டான்ஃபோர்டே, 1865-ல் ஜனாதிபதிக்கு அனுப்பிய அறிக்கையில், இவர்கள் இல்லாவிட்டால் குறித்த காலத்தில் பாதையை முடிக்க முடியாது என்று எழுதினார். உச்சியில் 1,659 அடி நீளச் சுரங்கம், முழுக்கக் கருங்கல். நாள் முழுக்க வெடிமருந்து வைத்தாலும் ஓர் அடி நகர்ந்தால் பெரிது. 1866-67 குளிர்காலத்தில் பனிக்கு அடியில் வழி தோண்டி, அதற்குள்ளேயே இருந்து வேலை பார்த்தார்கள். பனிச்சரிவில் புதைந்தவர்களின் உடல்கள் பனி உருகிய பிறகுதான் கிடைத்தன.

வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கம்பெனி சாப்பாடு போட்டது. சீனர்கள் குறைந்த கூலியிலேயே சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூனில் மாதம் 40 டாலர் கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு கலவரமில்லை, அடிதடியில்லை. குரோக்கர் அரிசி மூட்டைகள் மலைமேல் போகாமல் நிறுத்தினார். ஒரு வாரத்தில் பசி அவர்களைப் பணியவைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 1882-ல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். அது 1943 வரை நீடித்தது.

அந்த வழியில் நாமும் போகலாமா என்று கேட்கிறீர்கள். 1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 10 மைல் பாதை போட்டுச் சாதனை செய்தார்கள். தண்டவாளம் தூக்கிய ஐரிஷ்காரர்கள் எட்டுப் பேரின் பெயரும் பதிவாகியிருக்கிறது. அன்று கூடவே வேலை செய்த சீனர்களின் பெயர்களைத் தேடினால் கிடைக்காது. கம்பெனியின் சம்பளப் பதிவேட்டில் பெரும்பாலும் அவர்களுடைய கங்காணியின் பெயர் மட்டும்தான் இருக்கும்.